ஒரே பெயர், இரண்டு தியேட்டர்

மந்தைவெளியில் நம் இஸ்திரி வண்டிக்கு எதிர்ச் சுவரில் இன்று காலை புதுப் போஸ்டர். பசை வாடை இன்னும் போகவில்லை. ‘எட்டாம் நம்பர் வீடு.’ பெட்டியைச் சட்டைமேலேயே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்லவேளை, கருகவில்லை. கருகியிருந்தால் பழியை உன்மேல்தான் போட்டிருப்பேன்.

பெண் பார்த்துவிட்டு வந்த பிறகு, நாம் ஒரு சினிமாவுக்குப் போய்வர உன் அண்ணன் பெரிய மனது பண்ணினார். ஞாயிறு மேட்னி, ‘எட்டாம் நம்பர் வீடு’ என்று மட்டும் சொல்லியனுப்பினேன். ஊரில் அந்தப் பெயரில் ஒரு படம்தானே ஓடும் என்ற நினைப்பு. நான் தி.நகரில் புதுப் படத்து வாசலில் நின்றேன். நீ மயிலாப்பூரில், அதே பெயரில் மறுபடி போட்டிருந்த பழைய படத்து வாசலில். கையில் போன் இல்லாத காலம். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருவரும் தனித்தனியாகப் படத்தையும் பார்த்துவிட்டோம்.

மறுநாள் அண்ணனோடு வண்டிக்கே வந்துவிட்டாய், சம்பந்தம் வேண்டாம் என்று சொல்ல.

“இன்னா, தொரை நேத்து தூங்கிட்டீங்களா?”

“நானா? படமே பாத்துட்டேன். நீதான் வரல.”

“பாத்தியா? கடைசில அந்தப் பொண்ணு இன்னா ஆச்சு, சொல்லு.”

“அது மொதல்லயே செத்துப்போச்சே. பேயாத்தான் சுத்திக்கினு கீது.”

“யோவ், கல்யாணம் பண்ணிக்கினு போவுதுய்யா!”

“செத்தவளுக்கா கல்யாணம்?”

“பொய்கூட ஒழுங்கா சொல்லத் தெரியல, இவனுக்கா பொண்ணு? வாம்மா” என்றார் அண்ணன். நீ நகரவில்லை. “இருண்ணே. அந்தப் பேய் யாரை அடிச்சுது?” என்றாய்.

என் கதையை நான் சொன்னேன், உன் கதையை நீ சொன்னாய். பாவம், அண்ணன் இரண்டையும் வெயிலில் நின்று கேட்டார். அப்புறம்தான் எந்தத் தியேட்டர் என்ற பேச்சே வந்தது. “அடுத்த வாட்டி தியேட்டர் பேரையும் சேத்துச் சொல்லு” என்றாய். அடுத்த வாட்டி என்றாயே, எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வெகுநாள் கழித்துத் திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டில் அதே பெயரில் ஒரு நாவல் வாங்கிவந்தாய். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான், நீதான் வாசித்தாய். பேயும் இல்லை, கல்யாணமும் இல்லை. ஒரு வக்கீல், ஒரு கொலை. “ஏமாத்திட்டானுங்கய்யா” என்று திட்டிக்கொண்டே கடைசிப் பக்கம் வரை விடவில்லை.

“போலாமா நைனா?” என்று இன்று போஸ்டரைப் பார்த்து நம் மகள் கேட்டாள். போகிறேன். நீ கண்ணை மூடிய பிறகு இதுதான் முதல் படம். இதில் என்ன கதையோ.

வருகிறேன் என்று சொன்ன ஆள் வராமல் போனால் இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவதில்லை. வேறு ஏதோ வாசலில் நின்று என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்கள் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். உன்னையும் சேர்த்துத்தான்.