பேச்சியம்மாளின் பிறந்த தேதி

கடிதம் எண் 143
சிம்பாங் ரெங்கம், ஜொகூர்
9 செப்டம்பர் 1934, ஞாயிறு, காலை மணி 10.20

சௌபாக்கியவதி மகள் ராசம்மாளுக்கு உன் தகப்பன் வீரமுத்து ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் என் உடம்பு நலமே, இடது முழங்கால் நீங்கலாக. ஈப்போவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் காய்ச்சலின்றிச் சுகமாயிருக்க முருகன் துணை. உன் ஆகஸ்டு 31ஆம் தேதிக் கடிதம் செப்டம்பர் 4ஆம் தேதி பிற்பகல் வந்து சேர்ந்தது. முதல் பக்கத்தில் தேதி போட்டு இரண்டாம் பக்கத்தில் போடாமல் விட்டிருப்பதை மாப்பிள்ளையிடம் சொல்.

வயதான காலத்தில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியோடு எனக்கு ஏன் வம்பு என்று கேட்டிருக்கிறாய். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். இந்த ரப்பர் தோட்டத்துக் குடியிருப்பு லயங்களில் சட்டைப்பைக் கடிகாரம் என்னிடம்தான் இருந்தது என்பதால், 1908 முதல் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் மருத்துவச்சி சுவரைத் தட்டுவாள், நான் நாளும் மணியும் நோட்டில் குறித்து வைப்பேன். பிற்காலத்தில் ஜாதகம் கணிக்க உதவட்டும் என்பதே நோக்கம். பால்மரம் வெட்டும் அர்ச்சுனனின் மகள் பேச்சியம்மாள் அந்த நோட்டின்படி 1926 ஜூன் 21, திங்கள், காலை 6.40க்குப் பிறந்தவள். ஆகஸ்டு 27ஆம் தேதி வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் கிராணி கனகராஜ் அவளைத் தோட்டத்துப் பள்ளியிலிருந்து நிறுத்தி, பதினோரு வயது என்று எழுதிப் புல்வெட்டுக்குப் பெயர் சேர்த்தார். நான் கங்காணி வேலையை விட்டு இரண்டு ஆண்டாகியும் பெரட்டுக் களத்தில் போய் நிற்கும் பழக்கத்தை விடவில்லை. எட்டு வயது, இரண்டு மாதம், ஆறு நாள் என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னேன். கிராணி அவளைக் கையைத் தூக்கித் தலைக்கு மேலாக மறுபக்கத்துக் காதைத் தொடச் சொன்னார். தொட்டாள். "பாத்தீங்கல்ல, ஆளு சரி" என்றார். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் பார்க்கும் சோதனையைப் பள்ளியிலிருந்து இழுக்கப் பயன்படுத்தியதை அன்றுதான் கண்டேன். "பெருசு, ஒங்க நோட்டு கல்யாணப் பொருத்தம் பாக்கத்தான், சட்டம் பேச இல்ல" என்று அவர் சொல்ல, களமே சிரித்தது. அதற்கு நான் வருந்தவில்லை. பெற்ற தகப்பன் அர்ச்சுனன், "ஏழு வயசுல ஒங்க மக பால் பிடிக்கிற மங்கு கழுவல? எம்மவ மட்டும் என்ன ராசகுமாரியா, மாமா?" என்றதும்தான் நான் களத்தை விட்டு வீட்டுக்கு நடந்தேன்.

அம்மா, அதே கேள்வியைத்தான் நீயும் எழுதியிருக்கிறாய், ஏழு வயதில் நானும் போனேனே, செத்தா போனேன் என்று. அந்நாளில் பல் விழுந்து முளைத்த பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவனை ஊதாரி என்றார்கள். பத்து நிரம்பாத பிள்ளை வேண்டாம் என்றவர் அப்போதைய துரை ஒருவர்தான், அவரைக் கிறுக்கர் என்று பேசிக்கொண்டோம். உன் தாய் குளிர்காய்ச்சலில் கிடந்தாள். நான் நோட்டில் உன் பிறந்த ஆண்டு 1909ஐ அடித்து 1906 என்று எழுதி, 1916 ஏப்ரல் 3ஆம் தேதி உன்னை நானே பெரட்டில் நிறுத்தி, நானே உன் பெயரை அழைத்தேன். நீ சாகவில்லை, உண்மை. ஆனால் சாகவில்லையே என்ற அந்த வரியை உன் கையால் உன்னால் எழுத முடியவில்லை, மாப்பிள்ளை எழுதியிருக்கிறார். இதையும் அவர்தான் வாசித்துக் காட்டுகிறார். மாப்பிள்ளை இவ்விடத்தில் குரலைத் தணிக்காமல் வாசிக்கவும்.

ஜொகூர் பாருவிலிருந்து தொழிலாளர் அதிகாரி 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை தோட்டத்துக்கு வருகிறார். 12ஆம் தேதிக்குள் தோட்ட ஆபீசில் நோட்டை ஒப்படைக்காவிட்டால் 15ஆம் தேதி வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று எனக்கு அறிவிப்பு வந்திருக்கிறது. ஒப்படைக்க மாட்டேன். ஒரு பக்கத்தில் பொய் எழுதியவனின் நோட்டை எப்படி நம்புவது என்று கிராணி கேட்பார். அதனால் அந்தப் பக்கத்தை நானே முதலில் அதிகாரியிடம் காட்டுவேன். அவர் என்னைத் திட்டட்டும், எழுதிக்கொண்டு போகட்டும். அதன்பின் பேச்சியம்மாளின் பக்கத்தைத் திருப்புவேன். பிறர் வாயால் கேட்பதற்கு முன் நீ அறியவேண்டும் என்றே இதை எழுதுகிறேன், அனுமதி கேட்டு அல்ல. உடனே புறப்பட்டு வா என்கிறாய். வருகிறேன், 14ஆம் தேதிக்கு முன் அல்ல.

குழந்தைகளுக்கு ஞாயிறுதோறும் வேப்பெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டு. ஈயம் பூசாத பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்காதே. நீயும் உன் வீடும் நிறைந்து வாழ்க. 15ஆம் தேதிக்குப் பின் இந்த விலாசத்துக்கு எழுதவேண்டாம்.

இப்படிக்கு,
உன் தகப்பன்
மு. வீரமுத்து

இத்துடன் வைத்திருப்பவை:
1. வீட்டைக் காலி செய்யும் அறிவிப்பின் நகல், 5-9-1934.
2. பேச்சியம்மாளின் பிறப்புக் குறிப்பின் நகல். இங்குள்ளது தொலைந்தால் இது வேண்டும், பெட்டியில் வை.
3. உன் பிறப்புக் குறிப்பின் நகல், அடித்த ஆண்டும் மேலே எழுதிய ஆண்டும் உள்ளபடியே. இதை மாப்பிள்ளை வாசிக்க வேண்டியதில்லை. எண்கள் உனக்குத் தெரியும்.