பதினேழுக்குப் பக்கத்தில் பச்சைச் சரி

ஆகஸ்ட் ஒன்பதாம் திகதி, சனிக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். உன் கணித நிறுவலில் துணைத்தேற்றங்கள் முப்பத்தொன்று. கணினி ஏற்றுக்கொண்டவை முப்பது. ஏற்காதது ஒன்று, பதினேழாவது.

நீ போய் ஐந்து மாதமாகிறது. நலம் விசாரிக்க வழியில்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கொப்பியை இன்று காலைதான் திறந்தேன். திறந்ததும் தைல வாசனை. தலையிடி என்று நெற்றியில் பூசிய விரலாலேயே பக்கம் புரட்டுவாய். சில பக்கங்களில் எண்ணெய்ப் பொட்டு விழுந்து மறுபக்கத்துச் சமன்பாடு தெரிகிறது. மூடிவிட்டு ஜன்னலைத் திறந்தேன். பிறகு மறுபடி திறந்தேன்.

உங்கப்பா கலஹா பஸ்ஸில் வந்து, நான் வாடகைக்கு இருக்கும் போடிங் வாசலில் நின்றபடியே கொப்பிப் பையைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "இது என்னா ஏதுன்னு எனக்கு வெளங்காது தம்பி. ஒங்களுக்கு வெளங்கும். அவன் பேரு போட்டு வந்துரும்ல?" என்றார். வரும் என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியாது. கணித சஞ்சிகை என்றால் என்னவென்றுகூட அவருக்கு நான் விளக்கவில்லை. டெங்கு வார்டில் நீ ஆறு நாள் கிடந்தபோது அவர் கேட்ட எதற்கும் டொக்டர்மார் இவ்வளவு உறுதியாகப் பதில் சொன்னதில்லை. நான் மட்டும் சொல்லிவிட்டேன்.

அதன் பிறகுதான் உன் சேரின் அழைப்புகள் தொடங்கின. உனக்கு அவர் மேற்பார்வையாளர். எனக்கு அவர் ஒரு சந்தேகம். இறந்தவனின் ஆராய்ச்சிக்குச் சொந்தக்காரன் யார் வேண்டுமானாலும் ஆகலாம். முதலில், நீ அவருக்குக் கொடுத்திருந்த பிரதியைப் பார்த்து உன் கட்டுரையைத் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பினார். ஆகஸ்ட் முடிவில் சஞ்சிகைக்குப் போகவேண்டும், ஒருமுறை பார்க்கச் சொன்னார். உன் பெயர்தான் முதலில் இருந்தது. அடுத்தது அவருடையது. முதல் பெயரைக் கடைசி நிமிடத்தில் இடம் மாற்ற எத்தனை விநாடி தேவை என்று யோசித்துக்கொண்டே படித்தேன்.

பிறகு போனில் வந்தார்.

"தம்பி, அவற்ற கொப்பியை ஒருக்காக் கொண்டு வாருமன். பதினேழாவதிலை எனக்கொரு ஐயம் கிடக்கு."

"படம் எடுத்து அனுப்புறேன் சேர்."

"ஓம் ஓம், அவசரமில்லை."

அவசரமில்லை என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. படம் அனுப்பவில்லை. அதற்குப் பிறகு இரண்டு முறை எடுத்தார், இரண்டு முறையும் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னேன்.

அவரைப் பிடிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். நிறுவலைக் கணினிக்குப் புரியும் மொழியில் வரி வரியாக எழுதிக் கொடுத்தால், ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து உண்மையிலேயே வருகிறதா என்று பார்க்கும் மென்பொருள் இருக்கிறது. பெரிய பெரிய கணித ஆட்களே இப்போது அதில்தான் தங்கள் வேலையைப் போட்டுப் பார்க்கிறார்கள். அது முகம் பார்க்காது, பட்டம் பார்க்காது. என்னைவிடப் பெரிய சந்தேகப் பிராணி. வேலை முடிந்து வந்து ஏழு வாரம் உட்கார்ந்து உன் முப்பத்தொன்றையும் அதற்குள் ஏற்றினேன். இன்று காலை பதினேழில் சிவப்புக்கோடு விழுந்தது. என்ன செய்தும் மாறவில்லை.

முதலில் என் எழுத்தைச் சந்தேகித்தேன். பிறகு மென்பொருளை. பிறகு, மனம் நிறைந்து, சேரை. தட்டச்சு செய்யும்போது எதையோ மாற்றியிருக்கிறார்; பிறகு அதைத் தானே சரிபண்ணியதாகச் சொல்லித் தன் பெயரை முன்னுக்குக் கொண்டுவரப் போகிறார். கொப்பியைத் திறந்தது அதற்குத்தான். கையும் களவுமாகப் பிடிக்க.

உன் கணக்கு உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், எனக்கு அது புரிந்த விதத்தில்தான் சொல்ல முடியும். கண்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில், பிளேன்டீ ஆறிக்கொண்டிருக்க, கட்டக் கொப்பியை விரித்துக் கடலையை அடுக்கினாய். அதுதான் மலைச்சரிவு. ஒரு கட்டத்தில் மூன்று கடலை சேர்ந்தால் அது தாங்காது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, கீழே ஒன்று என்று சரியும். அங்கே மூன்று சேர்ந்தால் அதுவும் சரியும்.

"எங்கின கொட்டினாலும், எவ்வளவு கொட்டினாலும், ஒரு கட்டம் எத்தன தடவ சரியும்? கொட்டுனதுக்கு ஏத்தாப்புல, அதுக்கு மேல போகாதுன்னு ஒரு எல்ல சொல்லணும். அவ்வளவுதான் மச்சான்."

"ஓரத்துல விழுறது?"

"அது எனக்கு," என்று வாயில் போட்டுக்கொண்டாய். "ஆராய்ச்சியாளனும் சாப்பிடணும்ல."

மழைக்கு மண் சரிகிற தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் இதைப் பற்றி எழுதுவதை யாராவது உருக்கமாகப் பேசினால் உனக்குப் பிடிக்காது. "மண்ணுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, இது எண்ணு," என்பாய். நான் அதையும் நம்பவில்லை. மழைக்காலத்தில்தான் வேகமாக எழுதினாய்.

எழுதி முடித்ததும் என்னிடம் தந்தாய். கெம்பஸில் அத்தனை பேர் இருக்க, மென்பொருள் எழுதிப் பிழைக்கிற என்னிடம் ஏன் என்று கேட்டேன். "நீ பெத்த தாயையும் நம்பமாட்ட. அதனாலதான். மத்தவன் பாராட்டுவான், நீ பாப்ப." இன்னொன்றும் சொன்னாய்: "தெளிவுன்னு எழுதியிருக்கிற எடத்துலதான் ஆளப் பிடிக்கணும்."

பதினேழாவது துணைத்தேற்றம்: ஒரு கட்டம் இரண்டாம் முறை சரிவதற்கு முன், அதன் அயல் கட்டங்களில் ஒன்றாவது சரிந்திருக்கும். நிறுவல்: தெளிவு.

கொப்பியிலும் அப்படியேதான் இருக்கிறது. சேர் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

பக்கத்தில் பச்சைப் பேனையில் ஒரு சரி. அதன் கீழே என் கையெழுத்து: "பார்த்தேன்."

கணக்காய்வாளர்களின் நிறம் என்பதால் அந்தப் பேனையை நீ "ஓடிட்டர் பேனை" என்று கிண்டல் செய்வாய். எந்த நாள் என்றும் ஞாபகம் வந்துவிட்டது. உங்கள் வீட்டுக்குப் போக, கலஹா பஸ்ஸில் கடைசிக்கு முந்தின சீட்டில் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு வளைவிலும் கொப்பி மடியிலிருந்து சறுக்கியது. எனக்குச் சலிப்பு. பதினைந்து வரை ஒழுங்காகப் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.

"பதினேழு பாத்தியா?"

"பாத்தேன் பாத்தேன்."

"நெசமா?"

"டேய், தெளிவுன்னு நீயே எழுதியிருக்க. பொறகு என்னா?"

நீ சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் அழிறப்பரை எடுத்து எதையோ தேய்த்து, தூளை ஊதினாய். நான் உங்கம்மா தந்த ரொட்டியில் கவனமாக இருந்தேன்.

இப்போது பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். பச்சைச் சரிக்கு இடப்பக்கத்தில், தாளில் ஒரு தடம். பென்சிலால் அழுத்திப் போட்டு அழித்த கேள்விக்குறி.

நீ சந்தேகப்பட்டிருக்கிறாய். என்னை நம்பி அழித்திருக்கிறாய்.

கீழே கடைக்குப் போய் கடலை வாங்கி வந்தேன். ஒரு கட்டத்தில் ஆறு வைத்தேன். மூன்று சரிந்தது. மீதி மூன்று. அதுவும் சரிந்தது. அயலில் எல்லாக் கட்டத்திலும் இரண்டிரண்டு, ஒன்றும் அசையவில்லை. அயல் அசையாமலே இரண்டு தடவை சரிந்துவிட்டது. பதினேழு பிழை. பத்து விநாடி வேலை. பஸ்ஸில் அந்தப் பத்து விநாடி என்னிடம் இருந்தது.

ஊரையெல்லாம் சந்தேகித்தேன். பச்சை மையை மட்டும் சந்தேகிக்கவில்லை.

பிழையைத் திருத்த வழி இருக்கலாம். எந்த ஒழுங்கில் சரிந்தாலும் ஒவ்வொரு கட்டமும் அதே தடவைகள்தான் சரியும் என்று உன் ஐந்தாவது துணைத்தேற்றம் சொல்கிறது. அதைக் கணினி ஏற்றுக்கொண்டுவிட்டது. அப்படியானால் கடலையை ஒரேயடியாகக் கொட்டவேண்டியதில்லை, ஒவ்வொன்றாகப் போடலாம். ஒன்றைப் போட்டுச் சரிவு அடங்கிய பிறகே அடுத்ததைப் போட்டால், அந்த ஒவ்வொரு சரிவுக்குள்ளும் பதினேழு உண்மையாகிவிடும். நீ சொன்ன எல்லை நிற்குமா, கூடிவிடுமா என்று எனக்கு இன்னும் தெரியாது. தெளிவு என்று எழுதமாட்டேன்.

இனிச் செய்யப்போவது:

1. இன்றே சேருக்குப் போன் எடுப்பேன். பதினேழு பிழை, சரி போட்டவன் நான் என்ற இரண்டையும் முதலில் சொல்வேன். மன்னிப்பு அதற்குப் பிறகு.

2. ஆறு கடலையின் படத்தை அனுப்புவேன். கொப்பியின் பிரதியும் அனுப்புவேன். மூலக் கொப்பி என்னிடம்தான் இருக்கும். அவர்மேல் பாதிச் சந்தேகம் போய்விட்டது, மீதி இருக்கிறது.

3. ஒவ்வொன்றாகப் போடும் வழியைக் கணினியில் ஏற்றுவேன். எல்லை கூடினால் கூடின எல்லையே அச்சில் வரட்டும். மாத முடிவு தவறினால் தவறட்டும்.

4. திருத்தத்தை யார் செய்தாலும் முதல் பெயர் உன்னுடையது. இதில் பேச்சுக்கு இடமில்லை.

5. நன்றிப் பகுதியில் "கவனமாகச் சரிபார்த்தவர்" என்று என் பெயரை எழுதி வைத்திருக்கிறாய். அதை எடுக்கச் சொல்வேன்.

6. ஞாயிறு கலஹா போவேன். உங்கப்பாவிடம் "வரும்" என்று சொன்னதைத் திருப்பி எடுத்து, "பிந்தும், ஏனென்றால் நான் பார்க்காமல் பார்த்தேன் என்றேன்" என்று சொல்வேன். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் ஒன்றும் வாசிக்கமாட்டேன்.

7. பச்சைச் சரியை அழிக்கமாட்டேன். அதற்கு இடப்பக்கத்தில், நீ அழுத்திய அதே தடத்தின் மேல், பென்சிலால் அந்தக் கேள்விக்குறியைத் திரும்பப் போடுவேன்.