தையலுக்கு விட்ட அரை அங்குலம்

ஜனவரி 9, வியாழன்

இன்று மூன்று சட்டை வெட்டினேன். அவர் காலையிலிருந்து ஜன்னல் ஓரத்தை விட்டு நகரவில்லை. லேத் பட்டறையிலிருந்து நின்று இரண்டு மாதம் ஆகிறது. முப்பது வருடம் இரும்பை மயிரிழை பிசகாமல் கடைந்த கை. இப்போது டம்ளரைத் தூக்கினால் பாதித் தண்ணீர் சட்டையில். "நடுக்கம் கூடும், குறையாது" என்று நரம்பு டாக்டர் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் திடீரென்று, "ஒரு ஸ்பீட் போட் செய்யலாமா? ரிமோட்ல ஓடுறது" என்றார். இழுப்பறையின் அடியிலிருந்து பழுப்பேறிய ஒரு வரைபடம் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் வாங்கினதாம். என்னிடம் மூச்சு விட்டதில்லை!

"யாரு செய்யறது?" என்றேன். என் கையையே பார்த்தார்.

ஜனவரி 21, செவ்வாய்

மெல்லிய பிளைவுட் வந்தது. வரைபடத்தில் உள்ளபடி வெட்டி, ஓரங்களில் துளை போட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைக்க வேண்டும். பிறகு உள்ளே பசை பூசி இறுக விட வேண்டும். படகைத் தைப்பார்கள் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் எப்போதோ தயாராகியிருப்பேன்.

ஜனவரி 23, வியாழன்

பக்கப் பலகையும் அடிப்பலகையும் சேரவே இல்லை. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். கடைசியில் அளந்து பார்த்தோம். சுற்றிலும் அரை அங்குலம் கூடுதல்.

"என்ன டெய்லரம்மா இது?"

"தையலுக்கு விட்டது" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பலகையை உள்ளே மடித்தா தைக்க முடியும்? இருபத்தெட்டு வருடமாகத் துணி வெட்டும் கை, தன்பாட்டுக்கு விட்டு வெட்டியிருக்கிறது. அவர் சிரித்தார். இருமி இருமி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பட்டறையை விட்ட பிறகு இன்றுதான் சிரிக்கிறார். கூடுதலை நாளைக்கு அறுத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

நாத்தனார் வந்தாள். "அண்ணன் இருக்கிற நிலமையில உங்களுக்குப் பொம்மைப் படகு கேக்குதா அண்ணி?"

என் வாயில் நாலு செம்புக் கம்பி இருந்ததால் தப்பித்தாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நான் துணி கொடுக்கப் போயிருந்த நேரத்தில், மோட்டார் ஒயரைத் தானே பற்றவைக்கப் பார்த்திருக்கிறார். விரலைச் சுட்டுக்கொண்டார். நான் மருந்து போடப் போனால், "எல்லாத்தையும் நீயே பண்ணிக்கோ. நான் எதுக்கு?" என்று கத்தினார்.

நான் எதுக்காம்! நீங்க இல்லாம எனக்கெதுக்குங்க இந்தப் போட்டு? எனக்கு நீச்சல்கூடத் தெரியாது. தண்ணியப் பார்த்தாலே பயம். யாருக்காக ராவுராவுன்னு பலகையைத் தேய்க்கறேன்? — இதையெல்லாம் நேரில் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

பிப்ரவரி 17, திங்கள்

மோட்டார் ஓடியது. எங்களுக்குள் பேச்சு இன்னும் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

பூங்கா ஏரியில் முதல் ஓட்டம். மஞ்சள் வண்ணத்தில் அழகாகத்தான் இருந்தது. ரிமோட் ஒரு துப்பாக்கி மாதிரி இருக்கும். விசையை இழுத்தால் வேகம். பக்கத்தில் உள்ள சின்னச் சக்கரத்தைத் திருப்பினால் பின்னால் சுக்கான் திரும்பும்.

அவர்தான் பிடித்தார். படகு சீறிக்கொண்டு போனது. ஆனால் கை ஆட ஆட, படகும் ஆடியது. அவருடைய நடுக்கம் முழுவதும் தண்ணீரில் கோடாகத் தெரிந்தது. நடைபயிற்சிக்கு வந்த ஒருவர், "என்ன சார், வேணும்னே வளைச்சு வளைச்சு ஓட்டுறீங்களா?" என்றார்.

"ஆமா" என்றார் இவர்.

திரும்பி வரும்போது ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "போதும்."

மார்ச் 12, புதன்

மூன்று நாளாக அவர் படகின் பக்கம் பார்க்கவே இல்லை. ரிமோட்டோடு வந்த புத்தகத்தை இன்று எடுத்துப் படித்தேன். ரிமோட்டின் மேலே ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது. அதைக் குறைத்து வைத்தால், சக்கரம் எவ்வளவு ஆடினாலும் சுக்கான் லேசாகத்தான் அசையுமாம்.

சொல்லலாமா? சொன்னால் தொடவே மாட்டார். சொல்லாவிட்டால் — ஏமாற்றுவதுதானே அது?

மார்ச் 16, ஞாயிறு

கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போனேன். முதுகைத் திருப்பிக்கொண்டு குமிழைப் பாதிக்குக் குறைத்துவிட்டுக் கொடுத்தேன்.

நேராகப் போனது! ஏரியின் அந்தக் கோடி வரை ஒரே கோடு.

"இன்னிக்குக் கை பரவாயில்ல" என்றார்.

"ஆமாங்க, நல்லாவே இருக்கு" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஐந்தாவது வாரம். இன்னும் கொஞ்சம் குறைத்தேன்.

மே 18, ஞாயிறு

குமிழில் இனிக் குறைக்க இடமில்லை. அப்படியும் படகு ஆடுகிறது. சட்டைப் பொத்தானை இப்போது நான்தான் போட்டுவிடுகிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

விசையை இழுத்த விரல் இறுகிக்கொண்டது. விடுபடவே இல்லை. "விடுங்க, விடுங்க" என்று நான் கத்த, படகு முழு வேகத்தில் கரைக் கல்லில் மோதியது. படகின் மூக்கில் தையல் பிரிந்து பலகை வாயைப் பிளந்துவிட்டது. அவர் படகைப் பார்க்கவில்லை. தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 12, வியாழன்

மறுபடி தைத்தேன். பசை காய்கிறது. இந்த முறை எங்கேயும் அரை அங்குலம் விடவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

அவரே, "ஏரிக்குப் போலாம்" என்றார். பெஞ்சில் உட்காரவைத்தேன். வழக்கம்போல முதுகைத் திருப்பி, குமிழ் கடைசிவரை குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரிமோட்டை நீட்டினேன்.

வாங்கினார். ஆனால் ஓட்டவில்லை. கட்டைவிரலைக் குமிழின் மேல் வைத்தார். நழுவியது. மறுபடி வைத்தார், மறுபடி நழுவியது. நான் உதவிக்குப் போகவில்லை. ஒருவழியாக அதை முழு அளவுக்குத் திருப்பிவிட்டு, ரிமோட்டை என் மடியில் வைத்தார்.

"உனக்கெதுக்குக் கொறச்சு வைக்கணும்? உன் கை நல்லாத்தானே இருக்கு. இனிமே நீ ஓட்டு."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"மொத நாளே. போட்டு அரை ஏரி சுத்தினாத்தான் திரும்புது. லேத்துல நின்னவனுக்குத் தெரியாதா?" மடியிலிருந்த ரிமோட்டை என் கைப்பக்கம் தள்ளினார். "எதை வெட்டினாலும் அரை அங்குலம் விட்டு வெட்டுறவதானே நீ. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

ஓட்டினேன். படகு போகும்போது கஷ்டம் ஒன்றும் தெரியவில்லை. நம்மை நோக்கி வரும்போதுதான் இடம் வலமாகிவிடுகிறது. கண்ணீர் வேறு கண்ணை மறைத்தது. "இடது பக்கம்... இன்னும் இடது... அவ்வளவுதான், விசையை விடு" என்று பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். படகு மோதாமல் கரை சேர்ந்தது.

வீட்டுக்கு வந்து ரிமோட்டை அலமாரியில் வைக்கும்போது, பழக்கத்தில் என் விரல் குமிழுக்குப் போனது. தொடாமல் வைத்துவிட்டேன்.