பத்துக்கு மேல் ஒன்று

நானா,

சுரக்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வரும் தெரப்பிப் பெண் என் முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உங்கள் காலுக்கு அடியிலும் இப்படி ஒன்று இருந்தது. பச்சைக் கரை போட்டது.

என் கிடங்கில், நானே சிந்தவிட்ட பயறில் வழுக்கி விழுந்தேன். உங்களுக்கு உடைந்த அதே இடுப்பு எலும்பு. ஆபரேஷன் முடிந்து ஒன்பது நாளாகிறது. மின்விசிறியைப் பார்க்கிறேன், போனை எடுக்கிறேன், வைக்கிறேன். கடைக்குப் பேசினால் மகன், "உளுந்து வந்து எறங்கிருச்சுப்பா, நான் பாத்துக்குறேன், நீங்க படுங்க" என்று வைத்துவிடுகிறான். நான் இல்லாமலும் கடை நடக்கிறது. எலும்பைவிட அது வலிக்கிறது.

காலையில் அந்தப் பெண் சொன்னாள்: "பாதத்த முன்னாடி பின்னாடி ஆட்டுங்கப்பா. அப்புறம் முட்டியால துண்ட அமுக்கி, அஞ்சு எண்ணுற வரைக்கும் வைங்க. மூச்ச அடக்காதீங்க. ஒவ்வொண்ணும் பத்து."

"ஏழு வச்சுக்கலாமே?"

"பேரம் பேச நான் என்ன கடையா வச்சிருக்கேன்?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எதிர்க்கடையில் நீங்கள் குடையும் பையும் விற்றீர்கள். உங்கள் வீட்டில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானும் உங்களை நானா என்றே கூப்பிட்டேன். முப்பது வருடம் வீட்டுக்கு உளுந்து என்னிடம்தான். அளந்து முடித்ததும் கையை நீட்டுவீர்கள். "கொசுறு எங்க தம்பி?"

"படி சரியா இருக்கு. கைய எடுங்க நானா."

ஒரு பிடி கூடக் கொடுத்ததில்லை. மூட்டை சுமந்து மேலே வந்தவன் நான். கை இளகினால் கடை நிற்காது என்று நம்பினேன்.

அப்படிப்பட்டவன் உங்கள் கட்டிலருகே இளகிப்போனேன். மதியம் கடையை விட்டுவிட்டு வருவேன். உளுந்து அளக்கும்போது ஒன்று என்பதற்குப் பதிலாகச் சொல்வோமே, அதே போல "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணுவேன். நீங்கள் படுத்தபடியே குதிகாலை இழுத்து முட்டியை மடக்குவீர்கள். "பெருநாளைக்குப் பள்ளிவாசல்ல நின்னு தொழுவணும் தம்பி, நாற்காலியில இல்ல." அது ஒன்றுதான் உங்கள் ஆசை. ஆனால் வலித்தது. "எட்டோட விட்டுரு தம்பி" என்றீர்கள். விட்டேன். பிறகு ஐந்து. பிறகு ஒரு நாள், "இன்னைக்கு லீவு, டீ குடிப்போம்." குடித்தோம். உங்கள் வீட்டம்மா கதவோரம் நின்று, "ரெண்டும் கூட்டுக் களவாணிங்க" என்று திட்டினார். நாம் சிரித்தோம்.

பெருநாள் வந்தது. வீட்டிலேயே நாற்காலியில் உட்கார்ந்து தொழுதீர்கள். மதியம் பிரியாணிக்கு வந்த என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "வா தம்பி, சாப்பிடு" என்றீர்கள். ஒரு திட்டு திட்டியிருக்கலாம் நானா. அந்த மழைக்காலத்திலேயே நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள். காலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். இருக்கலாம். ஆனால் நீங்கள் நின்று தொழாமல் போனதற்கும் என் தள்ளுபடிக்கும் சம்பந்தம் உண்டு. முப்பது வருடத்தில் நான் கொடுத்த ஒரே தள்ளுபடி அது.

இப்போது மதியம். கட்டிலருகே நாற்காலி காலியாக இருக்கிறது. எண்ணவும் நான்தான், அமுக்கவும் நான்தான். லாபம், ரெண்டு, மூணு... ஆறில் தொடை நடுங்குகிறது. "போதும் தம்பி, டீ குடிப்போம்" என்று உங்கள் குரல் கேட்கிறது. "இன்னும் நாலு இருக்கு, அமுக்குங்க நானா" என்று சத்தமாகவே சொல்கிறேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது. அடுக்களையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

எட்டு. ஒன்பது. பத்து.

மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு முறை துண்டை அமுக்குகிறேன். இது கணக்கில் இல்லாதது. கொசுறு, நானா. கையை நீட்டுங்கள்.