முகம் பார்க்கத் தேய்த்த பல் திருகாணி

தென்காசி
18.7.1986

அன்பு மகள் நீலாவுக்கு அப்பா எழுதுவது. என் வாய் ஒன்று நீங்கலாக இங்கே எல்லாரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குளிரில் காதை மூடிக்கொண்டு நன்றாக இருங்கள். முதலில் தவற்றைச் சொல்லிவிடுகிறேன், அது உன்னுடையது. கட்டுப் பல்லைத் தாங்க என் தாடை எலும்பில் பதிக்கவென்று ஜெர்மனியிலிருந்து கொடுத்தனுப்பினாயே ஒரு திருகாணி, அது சொரசொரப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினாயா? பிரிக்காமல் டாக்டரிடம் கொடுங்கள் என்று எழுதினாய், சரி, ஏன் என்று எழுதவில்லையே. நாற்பது வருஷமாக லேத் பட்டறை நடத்துகிறவன் ஒரு சாமானைப் பிரித்துப் பார்க்காமல் கொடுப்பானா? பார்த்தால் மங்கலாக, மணல் அப்பியது போல இருக்கிறது. மகள் வேலை பார்க்கும் கம்பெனியில் கடைசி வேலையை அரைகுறையாக விட்டுவிட்டார்களே என்று உனக்காக வெட்கப்பட்டு, லேத்தில் மாட்டி, நைஸ் உப்புத்தாள் பிடித்து, முகம் பார்க்கிற மாதிரி பாலிஷ் போட்டேன்.

திருநெல்வேலியில் டாக்டர் ஒலி முகம்மது அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டீய, அந்தச் சொரசொரப்புலதான எலும்பு வளந்து வந்து கவ்விப் பிடிக்கும், அதுக்குன்னே பொடியை வீசி அடிச்சு, ஆசிட்ல முக்கி அனுப்பியிருக்காவ" என்றார். போன குற்றால சீசனில் ஐந்தருவியில் நின்றுகொண்டு உன் அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தபோது பல்செட் தண்ணீரோடு போனது உனக்குத் தெரியும். ஒரு வருஷமாகக் குழைந்த சோறும் ரசமும்தான். இந்த சீசனுக்காவது ஒரு பலாச்சுளை கடிக்கலாம் என்றிருந்தேன், அதுவும் போயிற்று.

பஸ்ஸில் வரும்போது உன் அம்மா, "நம்ம மச்சு சுவத்தைப் பூசுதப்போ பலவேசம் கொத்தனார் பூச்சு பிடிக்கணும்னு கொத்திவிட்டுத்தான பூசுனாரு, பக்கத்துல நின்னு இன்னும் ஆழமாக் கொத்துலேன்னு சத்தம் போட்டது யாரு" என்று எல்லார் காதிலும் விழக் கேட்டாள். சுவர் வேறு, வாய் வேறு என்று சொன்னேன். பல் இல்லாததால் புரியவில்லை என்றாள்.

உனக்கு எல்லா நலமும் உண்டாகட்டும். இனி நடக்க வேண்டியது: நீ வேறொரு திருகாணியை, முன்னதைவிடச் சொரசொரப்பாக, டாக்டர் பெயருக்கே நேராக அனுப்ப வேண்டும். உன் அம்மா இதைப் பலவேசத்திடம் சொல்லக் கூடாது. ஏற்கெனவே சொல்லிவிட்டதால், பலவேசம் சிரிப்பதை நிறுத்த வேண்டும். புதுத் திருகாணி வந்து பதித்து முடிகிற வரைக்கும் நான் பட்டறைச் சாவியை உன் அம்மாவிடம் கொடுத்து வைக்க வேண்டும். இந்தக் கடைசி வரி அவள் பக்கத்தில் நின்று எழுத வைத்தது.

இப்படிக்கு
உன் அப்பா
குற்றாலிங்கம்