ஜரதுஷ்டிரரும் அண்ணையிடம் சொன்ன பொய்யும்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பள்ளிக்கூடச் சமையலறையில் பாஸ்டா நாள், தட்டு கழுவியே கை வலி. திரும்பும் வழியில் வெம்பிளி நூலகம். ஜரதுஷ்டிரர் பற்றி ஒரு மெல்லிய புத்தகம், சிறுவர் பகுதியிலிருந்து. என் ஆங்கிலத்துக்கு அதுவே அதிகம்.

என் மகள் அபி கட்டப்போகிற சைரஸ் பார்சிப் பையன். அவர்களுடைய தீர்க்கதரிசி இவர். எனக்கு மூன்று மாதமாகத் தெரியும். பார்க்கிங் என்ற ஊரில் இருக்கும் என் அண்ணைக்கு மட்டும் தெரியாது. "என்ன ஆக்கள்?" என்று போனில் கேட்டார்.

"குஜராத்தி ஆக்கள் அண்ணை. இந்துக்கள்தான்."

"மச்சம் மாமிசம் சாப்பிடுவினமோ?"

"இல்லை அண்ணை."

குஜராத்தி பேசுகிறார்கள், அது ஒன்றுதான் உண்மை. அண்ணைக்குச் சரியான சந்தோஷம். "அவர் இல்லாட்டி என்ன, நானும் அண்ணியும் நிண்டு தாரை வார்ப்பம்" என்றார். இவர், அபியின் அப்பா, போய்ச் சேர்ந்து ஆறு வருடம். அந்தச் சொல்லைக் கேட்டபின் பொய்யைத் திருத்தாமலே போனை வைத்தேன்.

வாங்க வேண்டியது: வெண்காயம், தோசைமா, பஸ் கார்டுக்குக் காசு.

மார்ச் 5, வியாழன்

வெயில் மாதிரி ஒன்று. லேசான காய்ச்சல். லீவு.

புத்தகம் பாதி. குறித்துக்கொண்டவை:

– எந்தக் காலத்தவர் என்று ஒருவருக்கும் நிச்சயமில்லை. படித்தவர்களே ஆயிரம் வருட வித்தியாசத்தில் சண்டை பிடிக்கிறார்கள்.

– பிறந்தபோது அழவில்லையாம், சிரித்தாராம். (அபி மூன்று நாள் ஓயாமல் அழுதாள்.)

– தொழில் பூசாரி. முப்பது வயதில், விடியற்காலை பூசைக்கு ஆற்றில் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஒளி கண்டிருக்கிறார். திரும்பி வந்து, ஆண்டவன் ஒருவன்தான், அறிவே அவன் வடிவம் என்று சொல்ல, மற்றப் பூசாரிகள் சும்மா விடுவார்களா?

– பத்து வருடத்தில் அவரை நம்பி வந்தது ஒரே ஒருவர். அதுவும் ஒன்றுவிட்ட சகோதரன். பாவம், சொந்தக்காரனாவது வந்தானே.

– உண்மை ஒரு பக்கம், பொய் ஒரு பக்கம். நடுவில் நிற்க இடமில்லை. ஆணோ பெண்ணோ, ஒவ்வொருவரும் தன் புத்தியால் யோசித்துத் தானே தெரிந்தெடுக்க வேண்டும்.

கடைசியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். பாவப் பட்டியலில் திருட்டுக்கும் கொலைக்கும் பிறகு எங்கேயோ ஒரு மூலையில் பொய் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இங்கே அதுதான் முதல் எதிரி. சம்பந்தம் செய்யப் போயும் போயும் எந்த ஆட்களைப் பிடித்திருக்கிறேன்!

மார்ச் 8, ஞாயிறு

குளிர். ஹாரோவில் சைரஸின் அம்மா ரோஷன் வீட்டில் மதியச் சாப்பாடு, அபியும் நானும். ஆட்டிறைச்சி போட்ட பருப்பு. மூன்று தரம் வாங்கினேன். மச்சம் சாப்பிடாத ஆட்கள்!

மேசையில் எண்ணெய் விளக்கு, பக்கத்தில் தாடியும் வெள்ளை உடுப்புமாக ஒரு படம். முதல் தரம் வந்தபோது யேசு என்று நினைத்து, இவர்கள் வேதக்காரர் போலும் என்று கலங்கியது ஞாபகம். அவர்தான் ஜரதுஷ்டிரர். நெருப்பையா கும்பிடுகிறீர்கள் என்று இன்றுதான் துணிந்து கேட்டேன். இல்லை, ஒளியைப் பார்த்துக்கொண்டு கும்பிடுகிறோம், நெருப்பில் அழுக்கு ஒட்டாது அல்லவா என்றாள் ரோஷன். நல்ல நினைப்பு, நல்ல பேச்சு, நல்ல செயல், மிச்சமெல்லாம் அதற்குள் அடக்கமாம். சொல்லிவிட்டு, "எனக்கு இரண்டாவதுதான் கஷ்டம், வாய் கொஞ்சம் நீளம்" என்று சிரித்தாள். அவளைப் பிடித்திருக்கிறது.

பிறகு கேட்டாள்: "உங்கள் அண்ணாவுக்கு எங்களைப் பற்றி எல்லாம் தெரியும்தானே?"

தலையாட்டினேன்.

ரயிலில் அபி என் பக்கத்தில் உட்காரவில்லை. வெம்பிளியில் இறங்கியதும், "ரோஷன் அன்ட்டிக்கும் பொய்யா, அம்மா? சீரியஸ்லி?" என்றாள். வெட்கம். ஐம்பத்து மூன்று வயதில் மகளிடம் பிடிபட்ட வெட்கம்.

மார்ச் 9, திங்கள்

அண்ணைக்குப் போன் எடுக்கவில்லை. இரண்டு தரம் நம்பரைத் தட்டி வெட்டினேன். இரவும் பகலும் பெட்ரோல் ஷெட்டில் நின்று என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர். அவர் இல்லாத மணவறையை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

மழை. வேலை முடிந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றபடியே அண்ணைக்குப் போன் எடுத்தேன். சொன்னேன். பார்சி, இந்து இல்லை, இறைச்சி சாப்பிடுவார்கள், எனக்கு முதலிலேயே தெரியும். எல்லாம்.

அண்ணை டிவியை நிறுத்துவது கேட்டது. பிறகு:

"இதை ஏன் இப்ப சொன்னனீ? சொல்லாமல் விட்டிருந்தா நான் வந்திருப்பன்தானே. தெரிஞ்சுகொண்டு என்னெண்டு வந்து நிக்கிறது? சனத்துக்கு என்ன சொல்லுறது?"

"உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை."

"எனக்கு ஏலாது." வைத்துவிட்டார்.

வராவிட்டால் போகட்டும் என்று எழுத வருகிறது. அது பொய். அண்ணை வேண்டும். வந்து நிற்க வேண்டும்.

பஸ் இரண்டைப் போகவிட்டேன். வீட்டில் அபியிடம், "தாரை நான் வார்க்கிறன். புருசன் இல்லாதவள் வார்க்கக்கூடாது எண்டு ஐயர் சொன்னால் வேற ஐயரைப் பிடிப்பம்" என்றேன்.

அபி என் நனைந்த கோட்டைக் கழற்றி வாங்கினாள். "மாமா என்ன சொன்னவர்?"

"வரமாட்டாராம்."

"நீங்கள் ஓகேயா?"

ஓம் என்று சொல்ல வாய் எடுத்தேன். இல்லை என்றேன்.