மூச்சைப் பிடித்துப் பார்த்த வளையம்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம்.

நீ கேட்டிருந்த இரண்டு டெலஸ்கோப்புகளையும் பார்த்தேன். குட்டையானது வானத்தைப் படம் பிடிக்க, நீளமானது கோள்களைக் கண்ணால் பார்க்க. உனக்குக் குட்டையானதன் மேல்தான் ஆசை என்று எழுத்திலேயே தெரிகிறது. நீயும் மருமகளும் பிரிந்த பிறகு பேத்தி மாதத்தில் இரண்டு சனிக்கிழமைதான் உன்னிடம் வருகிறாள், வந்தாலும் வாய் திறப்பதில்லை, அழகான படம் எடுத்துக் காட்டினால் பேசுவாள் என்று நினைக்கிறாய். பேசமாட்டாள். முப்பது வருஷம் எக்ஸ்ரே அறையில் படம் எடுத்தவன் சொல்கிறேன், படம் எடுத்தவனுக்குத்தான் அது பெரிது. அந்தக் குழாய் வானத்தோடு சேர்ந்து நகர வேண்டும், மணிக்கணக்கில் ஒளியைச் சேர்க்க வேண்டும், பிறகு நீ கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து துலக்க வேண்டும், அதற்குள் குழந்தை தூங்கிவிடும். உன் பால்கனிக்கு நேர் எதிரே தெருவிளக்கு வேறு. சனி, வியாழன் கோள்களைப் பார்க்க அது ஒரு பொருட்டே இல்லை.

சும்மா சொல்லவில்லை. மாடி வீட்டுக் கணக்கு வாத்தியார் போன வாரம் இருட்டியதும் தன்னுடைய நீளக் குழாயை மொட்டைமாடியில் வைத்து, சனிக்கோளைக் காட்ட எல்லாரையும் அழைத்தார். வரிசையைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. பழக்கதோஷம், ஒவ்வொருவரிடமும் மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க என்று சொல்லிவிட்டு, எக்ஸ்ரே அறையில் தடுப்புச் சுவருக்குப் பின்னால் போவது போலவே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். எல்லாரும் சிரித்தார்கள். மூச்சைப் பிடிப்பது சரிதான், கண்ணாடியில் ஆவி படியாது என்று வாத்தியார் என் மானத்தைக் காப்பாற்றினார். அம்மா அந்த முழங்காலோடு ஏறி வந்து பார்த்தாள். ஏங்க, நெஜமாவே வளையம் இருக்குங்க என்று, கண்ணை எடுக்காமலே பக்கத்தில் கையை நீட்டித் துழாவினாள். பிடிக்க நான் அங்கே இல்லை. உன் சின்ன வயதிலும் நான் இப்படித்தான், இதைச் செய் என்று சொல்லிவிட்டுச் சுவருக்குப் பின்னால் போய்விடுவேன். அது இன்னும் உறுத்துகிறது.

அதனால் நீளமானதையே வாங்கு, யோசிக்காதே. அவள் வருவதற்கு அரைமணி முன்பே வெளியே வைத்துவிடு, குழாய் வெளிக்காற்றின் குளுமைக்கு ஆறினால்தான் பார்ப்பது கலங்காமல் தெரியும். பகலில் சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது, மறந்துவிடாதே. நீயும் குழந்தையும் நீடூழி நன்றாக இருங்கள். அவளை மூச்சைப் பிடிக்கச் சொல், ஆனால் நீ நகராதே. கண்ணை எடுக்காமல் கையை நீட்டுவாள்.

ஆசிகளுடன்,
தொட்டிக்குப் பின்னாலிருந்து வந்துவிட்ட அப்பா